தோற்ற மறுநாள் தொடங்கும் கணக்கு: இலங்கை ஜனாதிபதித் தேர்தலில் தோற்றவர் எந்த வழியில் போகலாம்?

இலங்கையில் ஜனாதிபதித் தேர்தலில் தோற்றவருக்கு ஆற அமர யோசிக்க நேரம் கிடைப்பதில்லை. 2024-இல் செப்டெம்பர் 21 வாக்களிப்பு, 22 மாலை முடிவு, 23 காலை அநுர குமார திசாநாயக்கவின் பதவியேற்பு, 24 நள்ளிரவோடு நாடாளுமன்றம் கலைப்பு. ஒக்டோபர் 4 முதல் 11 வரை வேட்புமனுத் தாக்கல், நவம்பர் 14 பொதுத்தேர்தல். எந்தக் கட்சியில், எந்தச் சின்னத்தில், எந்த மாவட்டத்தில், யாரோடு சேர்ந்து போட்டியிடுவது என்பதை எல்லாம் மூன்று வாரத்துக்குள் முடிவெடுத்தாக வேண்டியிருந்தது.

அதே மூன்று வாரத்துக்குள் இன்னும் இரண்டு கெடுக்கள் ஓடுகின்றன. முடிவை எதிர்த்து மனுப் போடுவதென்றால் 21 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் போட வேண்டும். 2023-ஆம் ஆண்டின் 3-ஆம் இலக்கத் தேர்தல் செலவினச் சட்டப்படி வரவு செலவு அறிக்கையையும் 21 நாளுக்குள் தேர்தல் ஆணைக்குழுவிடம் கொடுக்க வேண்டும். 2024-இல் ஒரு வாக்காளருக்கு 109 ரூபாய் என்று கணக்கிட்டு, ஒரு வேட்பாளரின் உச்ச வரம்பு 186 கோடியே 82 இலட்சம் ரூபாய் என்று வைத்திருந்தார்கள். கடைசி நாள் ஒக்டோபர் 13. தோற்ற சோர்வில் அலுவலகத்தைப் பூட்டிவிட்டுப் போகும் சிறு வேட்பாளர்கள் கோட்டை விடுவது பெரும்பாலும் இந்த அறிக்கையைத்தான். பற்றுச்சீட்டு, நன்கொடையாளர் விபரம், அச்சகக் கணக்கு மூன்றையும் வாக்களிப்பு நாளுக்கு முன்பே ஒருவர் பொறுப்பில் கொடுத்துவிட்டால் இந்தத் தலையிடி இல்லை.

கட்டுப்பணத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. அங்கீகரிக்கப்பட்ட கட்சி என்றால் 50,000 ரூபாய், மற்றவர்களுக்கு 75,000. செல்லுபடியான வாக்குகளில் எட்டில் ஒரு பங்கு எடுக்காவிட்டால் அது திரும்பி வராது. 2024-இல் அந்தக் கோட்டைத் தாண்டியவர்கள் மூன்றே பேர்: அநுர, சஜித் பிரேமதாச, ரணில் விக்கிரமசிங்க. 2019-இல் 3.16 சதவீதம் எடுத்துக் கட்டுப்பணத்தை இழந்தவர்தான் ஐந்தாண்டு கழித்து ஜனாதிபதியானார். ஆகவே கட்டுப்பணம் போனதா வந்ததா என்பதை வைத்து எதையும் அளக்க வேண்டாம்.

முதலில் பார்க்க வேண்டியது: அந்த வாக்கு யாருடையது?

எந்த வழி என்று யோசிக்கும் முன், கிடைத்த வாக்கில் எவ்வளவு தனக்கு உரியது என்று வேட்பாளர் உண்மையாகக் கணக்குப் பார்க்க வேண்டும். 1988 டிசம்பரில் சிறிமாவோ பண்டாரநாயக்க 44.95 சதவீதம் எடுத்தார். இரண்டு மாதம் கழித்து நடந்த பொதுத்தேர்தலில் சுதந்திரக் கட்சிக்குக் கிடைத்தது 31.9 சதவீதம். 2010 ஜனவரியில் சரத் பொன்சேகாவுக்கு 40.15. ஏப்ரலில் அவரை ஆதரித்த ஐக்கிய தேசியக் கட்சி தனியே நின்று 29 சதவீதம், அவருடைய ஜனநாயக தேசியக் கூட்டணி ஐந்தரை சதவீதம். 2019 நவம்பரில் சஜித்துக்கு 41.99, 2020 ஓகஸ்டில் அவருடைய ஐக்கிய மக்கள் சக்திக்கு 23.9. 2024-இல் 32.76 எடுத்தார், 54 நாள் கழித்து அது 17.66 ஆனது.

மறுபக்கம் பாருங்கள். 2019-இல் அநுரவுக்கு 3.16, அடுத்த பொதுத்தேர்தலில் திசைகாட்டிச் சின்னத்தில் நின்ற அவருடைய தேசிய மக்கள் சக்திக்கு 3.84. 2024-இல் நாமல் ராஜபக்சவுக்கு 2.57, அவருடைய மொட்டுக் கட்சியான பொதுஜன பெரமுனவுக்கு நவம்பரில் 3.14. சிறிய வாக்கு அப்படியே நின்றது, கொஞ்சம் கூடவும் செய்தது. பெரிய வாக்குதான் கரைந்தது.

காரணம் எளிது. பிரதான எதிர் வேட்பாளருக்கு விழும் வாக்கில் ஒரு பெரும் பகுதி மற்றவரை வரவிடக் கூடாது என்பதற்காக விழுவது. 2019-இல் யாழ்ப்பாண மாவட்டத்தில் சஜித்துக்கு 83.86 சதவீதம் கிடைத்தது, வன்னியிலும் எண்பதுக்கு மேல். அது கோட்டாபய ராஜபக்சவுக்கு எதிராக விழுந்த தமிழ் வாக்கு. பொதுத்தேர்தல் வந்ததும் அது தமிழ்க் கட்சிகளுக்குத் திரும்பிவிட்டது. 2024-இலும் யாழ்ப்பாணத்தில் முதலாவதாக வந்தவர் சஜித்தான், 121,177 வாக்கு. நவம்பரில் அதே மாவட்டத்தின் ஆறு ஆசனங்களில் அவருடைய கட்சிக்கு ஒன்றுகூட இல்லை. மூன்றைத் திசைகாட்டி எடுத்தது. செப்டெம்பரில் அந்த மாவட்டத்தில் அநுர எடுத்ததோ வெறும் 27,086.

ஆகவே முடிவு வந்த இரவே செய்ய வேண்டிய முதல் வேலை, மாவட்ட வாரியாக மூன்று எண்களை எழுதுவது: சொந்தக் கட்சி கடைசி உள்ளூராட்சித் தேர்தலில் எடுத்தது, இப்போது கிடைத்தது, இரண்டுக்கும் இடைப்பட்டது. அந்த இடைவெளி கூட்டணிக்காரருடையது அல்லது எதிராளியின் மீதான கோபத்துடையது. அதைத் தன் பலமென்று எண்ணி வேட்பாளர் பட்டியல் போட்டவர்கள் எல்லோரும் அடிவாங்கியிருக்கிறார்கள்.

எதிர்க்கட்சித் தலைவர் நாற்காலி

இரண்டாவதாக வந்தவருக்கு இயல்பாகத் தோன்றும் வழி இதுதான். சிறிமாவோ 1989 முதல் 1994 வரை அதில் இருந்தார், பிறகு மகள் சந்திரிகாவின் ஆட்சியில் பிரதமரானார். ரணில் 1999-இல் 42.71 சதவீதத்தோடு தோற்று, எதிர்க்கட்சித் தலைவராகவே தொடர்ந்து, 2001 டிசம்பர் பொதுத்தேர்தலில் வென்று, தன்னைத் தோற்கடித்த ஜனாதிபதியின் கீழேயே பிரதமரானார். சஜித் இரண்டு தோல்விக்குப் பிறகும் அந்த நாற்காலியில்தான் இருக்கிறார்.

இதன் பலம் வெளியே தெரிவதைவிடப் பெரிது. அரசியலமைப்புப் பேரவையில் எதிர்க்கட்சித் தலைவருக்குப் பதவி வழியாகவே இடமுண்டு. சுயாதீன ஆணைக்குழுக்களுக்கும் உயர் நீதிமன்றத்துக்கும் யார் வருவது என்பதில் அவர் குரலுக்கு எடை இருக்கிறது. அதைவிட முக்கியமானது 40-ஆம் உறுப்புரை. ஜனாதிபதி பதவி இடையில் வெற்றிடமானால், எஞ்சிய காலத்துக்கு நாடாளுமன்றம் தன் உறுப்பினர்களில் ஒருவரையே தெரிவுசெய்கிறது. 1993 மே மாதம் பிரேமதாச கொல்லப்பட்டபோது டி. பி. விஜேதுங்க வந்தது இப்படித்தான். 2022 ஜூலை 20 அன்று ரணில் 134 வாக்கோடு வந்ததும் இப்படித்தான். அன்றைக்கு அவருடைய கட்சிக்கு நாடாளுமன்றத்தில் இருந்தது ஒரே ஒரு தேசியப் பட்டியல் ஆசனம். ஐக்கிய தேசியக் கட்சி (ஐதேக) அதைப் பத்து மாதம் நிரப்பாமல் வைத்திருந்து 2021 ஜூனில்தான் அவரை அனுப்பியது. அனுப்பாமல் விட்டிருந்தால் அவர் ஜனாதிபதியாகியிருக்கவே முடியாது. தோற்ற வேட்பாளர் எந்த வழியைத் தேர்ந்தாலும் நாடாளுமன்ற உறுப்பினராக இருப்பதை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று நாம் அழுத்திச் சொல்வதற்கு இந்த ஒரு உறுப்புரையே போதும்.

ஆனால் இந்த நாற்காலியில் நான்கு இடத்தில் சறுக்குகிறது.

ஒன்று, அது தோற்ற வேட்பாளருக்கென்று ஒதுக்கியதல்ல. அரசில் சேராத கட்சிகளில் பெரியதின் தலைவரைச் சபாநாயகர் ஏற்பதுதான் வழக்கம். 2015-இல் மகிந்த ராஜபக்சவின் பக்கம் ஐம்பதுக்கு மேற்பட்ட உறுப்பினர்கள் இருந்தும், அவர்களுடைய கூட்டணி காகிதத்தில் அரசின் பக்கம் இருந்தது. அதனால் 16 ஆசனம் கொண்ட தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் இரா. சம்பந்தன் எதிர்க்கட்சித் தலைவரானார்.

இரண்டு, உறுப்பினர்கள் கழன்றுபோவது. 2005-இல் ரணில் 180,786 வாக்கு வித்தியாசத்தில் தோற்றார். புலிகளின் புறக்கணிப்பால் யாழ்ப்பாணத்தில் 1.21 சதவீதமே வாக்களித்த தேர்தல் அது. அவ்வளவு கிட்டத்தில் வந்தவரிடமிருந்தே 2007 ஜனவரியில் கரு ஜயசூரிய தலைமையில் ஒரு பெரும் கூட்டம் அரசுக்குத் தாவியது. 2020 ஒக்டோபரில் ஜனாதிபதியின் அதிகாரத்தைக் கூட்டிய 20-ஆம் திருத்தத்துக்கு எதிர்க்கட்சி வரிசையிலிருந்தே வாக்குகள் போயின. அமைச்சுப் பதவி கொடுக்க முடியாத தலைவர், தன் உறுப்பினர்களுக்கு வேறு வேலை கொடுக்க வேண்டும். அரச நிறுவனங்களை ஆராயும் கோப், அரச கணக்குகளை ஆராயும் கோபா போன்ற நாடாளுமன்றக் குழுக்களில் யாரை அமர்த்துவது, எந்த அமைச்சை யார் தொடர்ந்து கண்காணிப்பது என்று முதல் மாதத்திலேயே பிரித்துக் கொடுத்தால் பாதிப் பேராவது தங்குவார்கள்.

மூன்று, தேசம் எரியும்போது தயங்குவது. 2022 மே மாதம் மகிந்த பிரதமர் பதவியை விட்டு விலகியபோது அந்த இடம் சஜித்துக்குத் திறந்திருந்தது. கோட்டாபய விலக வேண்டும், அதற்குத் திகதி வேண்டும் என்று அவர் நிபந்தனை வைத்தார். கொள்கையளவில் அந்த நிபந்தனையில் தவறில்லை. நாம் பார்ப்பது காலத்தை. அவருடைய இணக்கக் கடிதம் போவதற்குள் ரணிலுக்கு அழைப்புப் போய்விட்டது, மே 12 அன்று அவர் பதவியேற்றார். ஜூலையில் ஜனாதிபதித் தெரிவிலும் சஜித் விலகி டலஸ் அழகப்பெருமவை முன்னிறுத்தினார். டலசுக்குக் கிடைத்தது 82. எதிர்க்கட்சித் தலைவராக இருப்பவர் எந்த நிபந்தனையில் ஆட்சியை ஏற்பேன், எதில் ஏற்கமாட்டேன் என்பதை நெருக்கடி வருவதற்கு முன்பே எழுதி, தன் குழுவின் ஒப்புதல் வாங்கி வைத்திருக்க வேண்டும். நெருக்கடி வந்த பிறகு கூட்டம் போட்டுக் கேட்டால் நேரம் போதாது.

நான்கு, வென்றும் கை கட்டப்படுவது. 2001-இல் பிரதமரான ரணிலிடமிருந்து 2003 நவம்பரில் பாதுகாப்பு, உள்துறை, ஊடகம் மூன்றையும் சந்திரிகா எடுத்துக்கொண்டார், 2004 பெப்ரவரியில் நாடாளுமன்றத்தையும் கலைத்தார். இன்றைய அரசியலமைப்பில் முதற்கூட்டத்திலிருந்து இரண்டரை ஆண்டு வரை ஜனாதிபதி தன் விருப்பப்படி கலைக்க முடியாது. அதற்குப் பிறகு முடியும்.

கட்சி யாருடைய கையில்?

சின்னமும் செயலாளரும் யாரிடம் என்ற கேள்வி கேட்கச் சிறியதாக இருக்கும். தோற்றவர்களில் பலரை முடக்கியது இதுதான்.

பொன்சேகா 2010-இலும், மைத்திரிபால சிறிசேன 2015-இலும், சஜித் 2019-இலும் நின்றது புதிய ஜனநாயக முன்னணியின் அன்னம் சின்னத்தில். பல கட்சிகள் சேர்ந்து நிறுத்தும் பொது வேட்பாளருக்கு அது வசதி. தோற்றுவிட்டால் அந்தச் சின்னத்தை வைத்துக்கொண்டு பொதுத்தேர்தலுக்குப் போக முடியாது, கூட்டாளிகள் தங்கள் தங்கள் சின்னத்துக்குத் திரும்பிவிடுவார்கள். பொன்சேகா ஏப்ரலில் ஏழு ஆசனத்தோடு நின்றது இதனால்தான். அதற்கு முன் பெப்ரவரி 8 அன்றே அவர் இராணுவப் பொலிசாரால் கைதாகியிருந்தார். தடுப்பில் இருந்தபடி கொழும்பில் வென்றார், இராணுவ நீதிமன்றத்தின் 30 மாதத் தண்டனையால் அந்த ஆசனத்தையும் இழந்தார். 2012 மே மாதம்தான் விடுதலை.

தேசியப் பட்டியலின் 29 ஆசனங்களில் கட்சிக்கு வருவதை யாருக்குக் கொடுப்பது என்று ஆணைக்குழுவுக்கு எழுதுவது கட்சிச் செயலாளர். தலைவர் கையெழுத்துக்கு அங்கே வேலை இல்லை. 2015 ஓகஸ்ட் தேர்தலுக்குச் சில நாள் முன்பு சிறிசேன சுதந்திரக் கட்சிக்கும் கூட்டணிக்கும் செயலாளர்களை மாற்றினார். 423,529 விருப்பு வாக்கோடு குருநாகலில் மகிந்த வென்றும், கூட்டணியின் தேசியப் பட்டியல் அவருடைய ஆட்களுக்குப் போகவில்லை. 2024 நவம்பரில் ரணில் தரப்புக் கூட்டணிக்குக் கிடைத்த இரண்டு தேசியப் பட்டியல் ஆசனங்களில் ஒன்றுக்கு, உள்ளே பேச்சு முடியும் முன்பே செயலாளர் அனுப்பிய ரவி கருணாநாயக்கவின் பெயர் வர்த்தமானியில் வந்துவிட்டது.

ஆகவே புதுக் கட்சி தொடங்குவதா, பழையதற்குள் போராடுவதா என்ற தெரிவில் நம் கருத்து இது. செயலாளரும் செயற்குழுவும் உங்களோடு இல்லையென்றால், உள்ளே இருந்து போராடுவது ஆண்டுகளை விழுங்கும். வெளியேறுவதென்றால் நாளைப் பார்த்து வெளியேற வேண்டும். கட்சி நீக்கிய உறுப்பினருடைய ஆசனம் 99(13) உறுப்புரைப்படி ஒரு மாதத்தில் பறிபோகும், நீக்கம் செல்லாது என்று உயர் நீதிமன்றம் சொன்னால் மட்டுமே தப்பும். அதனால்தான் பிளவுகள் நாடாளுமன்றம் கலையும் தறுவாயில் நடக்கின்றன. சஜித் 2020 தொடக்கத்தில் செய்தது அதுவே. புதுக் கட்சியைப் பதிய மாதக்கணக்கில் இழுக்கும் என்பதால், ஏற்கனவே பதிவில் இருந்த ஒரு சிறு கட்சியை எடுத்துப் பெயர் மாற்றித் தொலைபேசிச் சின்னத்தில் இறங்கினார். 54 ஆசனம் வந்தது, தாய்க் கட்சியான ஐதேகவுக்கு ஒரு மாவட்ட ஆசனம்கூட இல்லை. மொட்டும் 2016-இல் இப்படிப் பழைய பதிவு ஒன்றின் மீது எழுந்த கட்சிதான்.

இப்படி எடுக்கும்போது அந்தச் சிறு கட்சியின் பழைய பொறுப்பாளர்களுக்கு என்ன கொடுக்கிறோம், யாப்பு எப்படி மாறுகிறது, செயலாளர் யார் என்பதைச் சட்டத்தரணியை வைத்துக் காகிதத்தில் முடித்துவிட வேண்டும். வாய் வார்த்தையில் விட்டவை பின்னால் வழக்காகத்தான் வந்திருக்கின்றன.

நீதிமன்றம்

இதற்கு அதிகம் எழுத வேண்டியதில்லை. இலங்கையில் எந்த ஜனாதிபதித் தேர்தலும் மனுவால் கவிழ்ந்ததில்லை. 130-ஆம் உறுப்புரைப்படி குறைந்தது ஐந்து உயர் நீதிமன்ற நீதியரசர்கள் விசாரிப்பார்கள். 1988 தேர்தல் கொலைகளுக்கும் மிரட்டலுக்கும் நடுவே நடந்தது. அதை எதிர்த்துச் சிறிமாவோ தொடுத்த மனு மூன்று ஆண்டுக்கு மேல் ஓடி, 1992 செப்டெம்பரில் தள்ளுபடியானது. முறைகேடு நடந்தது என்று காட்டினால் போதாது, அது முடிவைப் பாதித்தது என்றும் காட்ட வேண்டும். அந்தச் சுமையை நாடு முழுவதும் ஒரே தொகுதியாக இருக்கும் தேர்தலில் நிறைவேற்றுவது மிக மிகக் கடினம்.

சிறிமாவோ வழக்கை நம்பி உட்கார்ந்திருக்கவில்லை. வழக்கு ஓட ஓட நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சியை நடத்தினார். வாக்குச்சாவடி மட்டச் சான்று கையில் இருந்தால் மனுப் போடலாம், வன்முறையைப் பதிவேட்டில் ஏற்றும் பயனாவது அதில் உண்டு. அதற்காக வேறு எதையும் தள்ளிப்போட வேண்டாம்.

தான் விலகி இன்னொருவரை நிறுத்துவது

ரணில் 2005-க்குப் பிறகு 2010-இல் பொன்சேகாவையும் 2015-இல் சிறிசேனவையும் முன்னால் விட்டார். இரண்டாவது முயற்சி அவரைப் பிரதமராக்கியது. மகிந்த 2015-இல் தோற்றபின், 19-ஆம் திருத்தம் இருமுறை தெரிவானவர் மீண்டும் நிற்க முடியாதென்ற தடையைத் திரும்பக் கொண்டுவந்ததால், 2019-இல் தம்பி கோட்டாபயவை நிறுத்தித் தான் பிரதமரானார்.

இரண்டு முறையும் வழி திறந்தது, இரண்டு முறையும் அதே வழியில் அடியும் விழுந்தது. சிறிசேன 2018 ஒக்டோபர் 26 அன்று ரணிலை நீக்கி மகிந்தவை நியமித்தார். உயர் நீதிமன்றம் தலையிட்டு, ஐம்பது நாள் இழுபறிக்குப் பிறகே ரணில் திரும்பினார். கோட்டாபயவின் இரசாயன உரத் தடையும் பொருளாதாரச் சரிவும் அண்ணனையும் சேர்த்து 2022 மே மாதம் வீட்டுக்கு அனுப்பின. மற்றவரை நிறுத்துபவர், அந்த மற்றவரின் ஒவ்வொரு முடிவுக்கும் பொறுப்பாகிறார். அதிகாரமோ அவரிடம் இல்லை. வயதும் சட்டமும் வேறு வழி விடாத நிலையில் மட்டும் இதைப் பரிந்துரைக்கலாம். அப்போதும் நாடாளுமன்றப் பெரும்பான்மை உங்கள் கட்சியிடம் இருந்தால்தான் பேரம் நிலைக்கும். 2018-இல் ரணிலைக் காப்பாற்றியது சபையில் இருந்த எண்ணிக்கை.

அடியிலிருந்து கட்டுவது

சிறு வாக்கோடு தோற்றவருக்கு மட்டுமான வழி என்று இதைப் பலரும் நினைக்கிறார்கள். பெரிய வாக்கோடு தோற்றவருக்கும் இதுதான் தேவை என்பது நம் உறுதியான எண்ணம்.

இரண்டு பேர் இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள், இருவரும் வேறு வேறு அளவில். மகிந்த 2015 ஜனவரி 9 விடியற்காலையில் அலரி மாளிகையை விட்டுப் போனார். ஒரு வாரத்தில் கட்சித் தலைமையும் சிறிசேனவிடம் போனது. பெப்ரவரி 18 அன்று நுகேகொடையில் அவருக்காகக் கூடிய கூட்டம் முதல் அறிகுறி. அதன் பிறகு நடந்தது ஊர் ஊராகச் சுதந்திரக் கட்சியின் முன்னாள் பிரதேச சபை உறுப்பினர்களைத் தேடிப் பிடித்து மொட்டுக்குள் கொண்டுவரும் வேலை. 2018 பெப்ரவரி 10 உள்ளூராட்சித் தேர்தலில் மொட்டு 40 சதவீத வாக்கோடு பெரும்பாலான சபைகளைப் பிடித்தபோது, 2019 ஜனாதிபதித் தேர்தலின் முடிவு பாதி எழுதியாயிற்று. ஜனாதிபதித் தேர்தலில் வாக்குச்சாவடிக்கு ஆள் கொண்டுவருவது பிரதேச சபை உறுப்பினர், அவர் எந்தப் பக்கம் என்பதே அடித்தளம்.

அநுரவுக்கு இந்த வசதிகூட இல்லை. முன்னாள் ஜனாதிபதி என்ற பெயர் இல்லை, தாவி வர உறுப்பினர்கள் இல்லை. 2020-இல் மூன்று ஆசனம், அதில் ஒன்று தேசியப் பட்டியலில் வந்த ஹரிணி அமரசூரிய. அவர்கள் செய்தது மூன்று வகை வேலை. அநுரவின் தாய்க் கட்சியான பழைய மக்கள் விடுதலை முன்னணிக்குள் வர விரும்பாத ஆசிரியர், மருத்துவர், கலைஞர், விரிவுரையாளர்களுக்குத் தேசிய மக்கள் சக்தி என்ற அகலமான குடை. பெண்கள், ஓய்வுபெற்ற முப்படையினர், வழக்கறிஞர் என்று தொழில் வாரியாகத் தனித்தனி அமைப்புகளும் மாநாடுகளும். தொகுதியிலிருந்து கிராமம் வரை குழுக்கள். இதோடு புலம்பெயர்ந்த இலங்கையரைக் கனடாவிலும் பிரித்தானியாவிலும் மற்ற நாடுகளிலும் நேரில் போய்ச் சந்தித்தார்கள். 2023 மார்ச்சில் நடக்க வேண்டிய உள்ளூராட்சித் தேர்தலைப் பணமில்லை என்று அரசு நிறுத்தியபோது, அதற்கென்று சேர்த்த வேட்பாளர்களைக் கலைய விடாமல் ஜனாதிபதித் தேர்தல் வரை வைத்திருந்தது அவர்களுடைய பெரிய சாதனை.

2022-இன் நெருக்கடி இல்லாவிட்டால் இது நடந்திருக்காது என்பார்கள். உண்மைதான். ஆனால் அந்த நெருக்கடி எல்லா எதிர்க்கட்சிகளுக்கும் பொதுவானது. 54 ஆசனம் வைத்திருந்தவரிடம் போகாத கோபம், மூன்று ஆசனம் வைத்திருந்தவரிடம் போனது. 2024-இல் யாரும் பாதிக்கு மேல் எடுக்காததால் நடந்த இரண்டாம் எண்ணிக்கையில் சஜித்துக்கு 167,867 விருப்பு வாக்கும் அநுரவுக்கு 105,264-உம் சேர்ந்தன. பன்னிரண்டு இலட்சத்துக்கும் மேலான முதல் எண்ணிக்கை வித்தியாசத்தை அந்தச் சிறு மேலதிகம் தொடவே இல்லை.

இந்த வழியின் செலவு காலம். ஐந்தாண்டு முழுக்கக் கையில் இருப்பதாக எண்ணக் கூடாது. முதல் தவணையில் இருக்கும் ஜனாதிபதி நான்கு ஆண்டு முடிந்ததும் முன்கூட்டியே தேர்தலைக் கூட்டலாம். 2024-இல் தோற்றவர் 2029-ஐ எதிர்பார்த்தால் ஓராண்டு பிந்தலாம், 2028 செப்டெம்பருக்குத் தயாராக இருக்க வேண்டும். அதுவரை அளவுகோல் உள்ளூராட்சி முடிவுகள். 2025 மே 6 தேர்தலில் திசைகாட்டி 43 சதவீதத்துக்கு இறங்கியது, ஐக்கிய மக்கள் சக்தி 21-ஐத் தாண்டியது, மொட்டு 9-ஐத் தாண்டியது. நாமல் தேசியப் பட்டியலில் நாடாளுமன்றம் வந்து, ஊர்க் கூட்டங்களை விடாமல் நடத்துவது எந்தப் பாடத்தைப் பார்த்து என்று சொல்லத் தேவையில்லை.

பதவியில் இருந்து தோற்றவர்

மகிந்தவும் ரணிலும் மட்டுமே இந்த வகை. இவர்களுக்கு மேலதிகமாக ஒரு கேள்வி உண்டு: பதவி போனதும், ஜனாதிபதி மீது வழக்குத் தொடர விடாத 35-ஆம் உறுப்புரையின் பாதுகாப்புப் போய்விடும். ரணில் 2024 நவம்பரில் போட்டியிடவில்லை, தேசியப் பட்டியலிலும் வரவில்லை. 2025 ஓகஸ்ட் 22 அன்று, அரச நிதியைத் தனிப்பட்ட வெளிநாட்டுப் பயணத்துக்குப் பயன்படுத்தினார் என்ற குற்றச்சாட்டில் கைதாகி, நான்கு நாளில் பிணையில் வந்தார். அடுத்த மாதமே முன்னாள் ஜனாதிபதிகளின் சிறப்புரிமைகளை நீக்கும் சட்டம் நிறைவேறி, மகிந்த விஜேராம மாவத்தை இல்லத்தை விட்டு வெளியேறினார். ஓய்வு என்பது முன்பு வீடும் வாகனமும் அலுவலரும் உள்ள வழியாக இருந்தது. இப்போது அதைத் தெரிவாக எடுப்பவர் தன் கோப்புகளையும் சட்டத்தரணியையும் முதலில் ஒழுங்கு செய்ய வேண்டும்.

தமிழ் வேட்பாளருக்கு

1982-இல் குமார் பொன்னம்பலம் 173,934 வாக்கு எடுத்தார். 2010-இலும் 2019-இலும் எம். கே. சிவாஜிலிங்கம் நின்றபோது பத்தாயிரத்தை ஒட்டியே வந்தது. 2024-இல் பொது வேட்பாளர் பா. அரியநேத்திரனுக்கு 226,343, யாழ்ப்பாணத்தில் மட்டும் 116,688. இவர்கள் வெல்ல நின்றவர்களல்லர், ஒரு நிலைப்பாட்டை எண்ணிக்கையாகக் காட்ட நின்றவர்கள். ஆகவே தோல்விக்குப் பின்னான கேள்வியும் வேறு: அந்த எண்ணிக்கையை யார் எடுத்துப் போவது?

2024-இல் இதற்கு விடை இல்லாமல் போனது. சிவில் அமைப்புகளும் கட்சிகளும் சேர்ந்து நிறுத்திய வேட்பாளரின் சங்குச் சின்னத்தைப் பொதுத்தேர்தலில் ஜனநாயகத் தமிழ்த் தேசியக் கூட்டணி எடுத்தது, சிவில் தரப்பு அதை ஏற்கவில்லை. தமிழரசுக் கட்சி தனியே நின்று எட்டு ஆசனம் எடுத்தது. சங்குக்கு வன்னியில் ஒன்று. சிதறிய வாக்கின் இடைவெளியில் திசைகாட்டி யாழ்ப்பாணத்தில் முதலாவதானது.

இன்னொரு முறை பொது வேட்பாளர் வருவதானால், வேட்புமனுவுக்கு முன்பே ஒப்பந்தத்தில் இருக்க வேண்டியவை இவை: சின்னம் தேர்தலுக்குப் பின் யாருக்கும் சொந்தமில்லை அல்லது இன்னாருக்குச் சொந்தம், வேட்பாளர் அடுத்த பொதுத்தேர்தலில் நிற்பாரா மாட்டாரா, சேர்ந்த நிதியின் மீதி எங்கே போகும், வாக்குச்சாவடி முகவர் பட்டியலை யார் வைத்திருப்பது. முகவர் பட்டியல்தான் இவற்றில் விலைமதிப்புள்ளது. வடக்கு கிழக்கு முழுக்கச் சாவடிக்கு ஓர் ஆள் என்று பெயரும் தொலைபேசி எண்ணுமாகச் சேர்ந்த பட்டியல் ஒரு கட்சிக்குக் கட்ட ஆண்டுகள் பிடிக்கும். வடக்கில் கடைசி மாகாண சபைத் தேர்தல் நடந்தது 2013 செப்டெம்பரில், சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அந்தத் தேர்தல் என்றைக்கு அறிவிக்கப்பட்டாலும் முதல் வாரத்தில் தேவைப்படப் போவது அந்தப் பட்டியல்.